பத்து மணி நேரம் உட்கார ஒரு சீட்

"ஆடாமப் புடிங்கன்னா புடிக்க மாட்டீங்களா?"

சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே எரிந்து விழுந்தார் தீர்த்தகிரி. இந்தப் பக்கம் சுகன்யா, அந்தப் பக்கம் நிலா. இருவரும் அவருடைய ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர்கள். கடைக்கு நடுவில் சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இளம்பிள்ளையில் அன்று மத்தியான வெயிலுக்கு ஒரு வாடிக்கையாளர்கூட எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் முதலாளி இறங்கியிருப்பாரா என்பது சந்தேகம்தான். வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. ஞாயிறு விடிந்தால் பயணம்.

அவருடைய சைக்கிள் குழு ஆத்தூர் வரை போய்த் திரும்புகிறது. நூற்று நாற்பது கிலோமீட்டர். பத்து மணி நேரம்.

போன வருஷமும் போனார். வாழப்பாடியைத் தாண்டுவதற்குள் உட்காரும் இடமெல்லாம் மரத்துப் போய், மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த டெம்போவில் சைக்கிளோடு ஏறி ஊர் திரும்பினார். அதை எந்தப் புண்ணியவானோ வீடியோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டான்.

மானம் போனதுகூடப் பெரிதில்லை. இரண்டு நாளாகியும் அந்த மரப்பு விடவில்லை. நிரந்தரமாகவே ஏதாவது ஆகிவிட்டதோ என்று மனுஷர் நடுங்கிப் போனார். டாக்டரிடம் சொல்லவும் கூச்சம், வீட்டில் சொல்லவும் கூச்சம். அந்தப் பயம் இன்னும் அடிவயிற்றில் இருக்கிறது.

அதனால்தான் இந்த முறை இரண்டு சீட் வரவழைத்திருந்தார். ஒன்று அகலமாக, மெத்தை மாதிரி. இன்னொன்று ஒடுக்கமாக, கெட்டியாக, நடுவில் பள்ளம் விட்டது. காலையிலிருந்து மாற்றி மாற்றிப் பூட்டி ஏறி இறங்கியாகிவிட்டது.

"மெத்தைதான் சொகமா இருக்குது. ஆனா பத்து மணி நேரம் தாங்குமான்னு தெரியலயே" என்று புலம்பியவர், சேலத்தில் சீட் விற்ற சரவணமுத்துவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார்.

"அட்டை மேல உக்காந்து அளவு எடுத்தீங்களாங்ணா?"

"அட்டையா?"

"ஆமாங்ணா. பார்சல் அட்டையக் கெட்டியான எடத்துல போட்டு, அது மேல உக்காருங்க. எலும்பு ரெண்டும் பதிஞ்ச எடத்துல குழி உழுவும். குழிக்கும் குழிக்கும் நடுவுல எவ்வளவுன்னு அளந்து சொல்லுங்க."

மாடிப்படிக் கல்லில் அட்டை போடப்பட்டது. முதலாளி பயபக்தியோடு உட்கார்ந்து எழுந்தார். நிலா சேலை அடுக்குப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். சுகன்யாதான் டேப்பை எடுத்து அளந்தாள்.

"பன்னெண்டு சென்டிமீட்டருங்க."

"அப்ப கெட்டி சீட்டே போடுங்ணா, கச்சிதமா இருக்கும். மெத்தை ரொம்ப அகலம். தொடை ஒரசிப் புண்ணாயிரும்."

போனை வைத்தும் அவருக்கு மனம் ஆறவில்லை. கெட்டி சீட்டை விரலால் தட்டிப் பார்த்தார். டொக் டொக்கென்றது.

"இது மேல பத்து மணி நேரமா? ஏனுங்க அம்மணி, உங்களுக்கு என்ன தோணுது?"

சுகன்யா டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு சைக்கிளப் பத்தித் தெரியாதுங்க. போன மாசம் மெத்துனு இருக்குதுன்னு ஒரு ஸ்பாஞ்சு செருப்பு வாங்குனனுங்க. காலைல சொகமா இருந்துச்சு. மத்தியானத்துக்கெல்லாம் அமுங்கிப் போயி, வெறுங்கால்ல நிக்கற மாதிரியே ஆயிருச்சுங்க. கெட்டியா இருக்கறதுதான் கடைசி வரைக்கும் தாங்குமுங்க."

தீர்த்தகிரி அவளை வியப்போடு பார்த்தார். சீட்டைப் பற்றி இத்தனை வீடியோ பார்த்தும் பிடிபடாத விஷயத்தை இந்தப் பெண் ஒரு செருப்பை வைத்துச் சொல்லிவிட்டாள்.

கெட்டி சீட்டைப் பூட்டி, இருவரையும் பிடிக்கச் சொல்லி, முழுசாக முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பெடலைப் பின்பக்கமாக மிதித்தார். மரக்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டார். உணர்ச்சி இருந்தது.

இறங்கியபோது அவர் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

"நீ நல்லா இருக்கோணும் சாமி. என் வவுத்துல பால வார்த்துட்ட."

அந்த நேரத்தை விட்டால் வாய்க்காது என்று தோன்றியதோ என்னவோ, சுகன்யா மெல்லக் கேட்டாள்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு சாமி. என்ன வேணுமோ கேளு."

"சேலை விரிக்கற மேசைக்குப் பின்னால ஒரு ஸ்டூல் போட்டுக்கட்டுங்களா? ஆள் வராத நேரத்துல மட்டும் உக்காந்துக்கறமுங்க. காலைல ஒம்பதுல இருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் நிக்கறமுங்களா... காலு ரெண்டும் வீங்கிப் போவுதுங்க."

தீர்த்தகிரிக்கு மனசு இளகிவிட்டது. பெற்ற மகளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தார்.

"வேண்டாஞ் சாமி, உன் நல்லதுக்குச் சொல்றேன். ஒரேயடியா உக்காந்தா மனுசன் என்ன பாடு படறான்னு காலைல இருந்து கூடவே நின்னு பாத்தீங்கல்ல? நாள் பூரா நிக்கறதுக்கு நீங்கெல்லாம் கொடுத்து வெச்சிருக்கோணும்!"