பின் சீட்டுச் சாய்மானம்

ஒரு காதுகுத்துக்குப் போகத் திருவண்ணாமலை ரோட்டில் பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்த ரஞ்சிதத்தின் முகத்தில் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது ஒரு பைக்.

தம்பி பார்த்திபனுடைய பைக். அந்தப் புது சீட்டை எத்தனை தூரத்தில் பார்த்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

முன்னால் ஒரு ஹெல்மெட், பின்னால் ஒரு ஹெல்மெட். இரண்டு பேருக்கும் ஜெர்கின் வேறு. நிற்கவில்லை. ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை.

"பாத்தீங்களா? கூடப் பொறந்தவ வெயில்ல காயறா. தொரையும் தொரசானியும் டூர் போறாங்க."

பக்கத்தில் நின்ற புருஷன் தனகோட்டி கொட்டாவி விட்டான். "அவன் வண்டி, அவன் போறான். உனக்கு இன்னா?"

"உங்களுதும் அதே வண்டிதான? சீட்டு கிழிஞ்சி, செயின் அறுந்து, வீட்டுல படுத்துக்கெடக்குது. என்னை எங்கியாவது கூட்டிக்கினு போயிருக்கீங்களா?"

தனகோட்டி பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தான்.

பார்த்திபனுடையது ஒன்றும் புது வண்டி இல்லை. தினமும் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய் வருகிற பழைய வண்டிதான். புதுசு வாங்க வசதி இல்லை என்று இருப்பதையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு வந்தான். போனஸ் வந்தபோது நல்ல டயர். பொங்கலுக்கு வெள்ளை வெளேரென்று எரிகிற எல்ஈடி லைட். பஸ் ஸ்டாண்டு சீட் கடையில் பஞ்சு ஏற்றி அகலமாக ஒரு சீட்டு. பழைய இரும்புக் கடையில் பொறுக்கி வந்த கம்பியை வளைத்துப் பின்னால் சாய்மானம். கால் வைக்கப் பலகை. பக்கத்தில் ஒரு பெட்டி.

ஒவ்வொன்று மாட்டும்போதும் ரஞ்சிதத்துக்கு வயிறு எரிந்தது. பொண்டாட்டி அமலா முதுகு நோகாமல் போக வேண்டுமாம், சாய்மானமாம்!

அதைவிட எரிச்சல் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில், தம்பி வீட்டில் இருக்கிற அம்மா பூவாயிக்குப் போன் போட்டால் எடுப்பதே இல்லை. ரஞ்சிதம் கணக்குப் போட்டுவிட்டாள். தெருக் குழாயடியில் தொடங்கி அனந்தபுரத்துப் பெரியம்மா விருத்தாம்பாள் வரைக்கும் சொல்லியும் ஆயிற்று: "எங்கம்மாவ வீட்டுல போட்டுப் பூட்டிட்டு அந்த அமலா ஊர் சுத்துறா."

இப்போதும் போட்டுப் பார்த்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"காதுகுத்துக்கு நீங்களே போயிட்டு வாங்க. நான் எங்கம்மா உசுரோட இருக்குதான்னு பாத்துட்டு வரேன்."

ஷேர் ஆட்டோ பிடித்துத் தம்பி வீட்டு வாசலில் இறங்கினாள். பூட்டு தொங்கும், அதைத் தெருவே பார்க்கக் கல்லால் உடைக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்திபன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"வாக்கா. மீன் கொழம்பு வைக்கறேன், இருந்து சாப்டுட்டுப் போ."

"டேய், நீ இங்க இருக்கே... அப்ப வண்டியில போனது யாரு? ஐயோ, உம் பொண்டாட்டி எவங்கூடடா போறா?"

பார்த்திபன் சிரித்துவிட்டான். "முன்னாடி ஒக்காந்து ஓட்டுனதே அவதாங்க்கா."

"அமலாவா?"

"பொறந்த ஊரு தொண்டூர்ல அவங்க நைனா வண்டிய ஓட்டிப் பழகுனவ. என்னைவிட நல்லா ஓட்டுவா."

"பின்னாடி?"

"அம்மா."

ரஞ்சிதம் அப்படியே சுவரோரம் உட்கார்ந்தாள்.

"பஸ்ல ஏறுனா அம்மாவுக்கு வாந்தி வந்துரும், உனக்குத்தான் தெரியுமே. அதனாலயே எந்த ஊரையும் பாக்கல. காத்தாட வண்டியில போனா ஒண்ணும் பண்ணலக்கா. பழைய சீட்டுல இடுப்பு வலிக்குதுன்னுச்சு. அப்புறம்தான் அமலா ஒவ்வொண்ணா மாத்தச் சொன்னா. போன வாரம் மரக்காணம் போயி கடல் பாத்துச்சு. இன்னிக்கு சாத்தனூர் டேம். மொதலை பாக்கணுமாம்."

"போன் எடுக்கலியே?"

"ஹெல்மெட்டுக்குள்ள எங்க கேக்கும்?"

அம்மா முதலை பார்க்கிறாள். அதுவும் மருமகள் முதுகைப் பிடித்துக்கொண்டு. ரஞ்சிதத்துக்கு இவ்வளவு கேட்ட பிறகும் பொறாமை போகவில்லை. அது யார் மேல் என்றுதான் புரியவில்லை.

"எனக்கு ஏண்டா இத்தினி நாளா சொல்லல? ஒரு போட்டோகூட யாருக்கும் காட்டல. நானும் வரேன்னு ஒட்டிக்குவேன்னா?"

பார்த்திபன் உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டான்.

"நான் சொல்லலாம்னுதான் சொன்னேன். அமலாதான் விடல."

"அதானே பாத்தேன்! இன்னா சொன்னா?"

அமலா சொன்னதை அவன் அப்படியே சொன்னான்:

"'வெளிய தெரிஞ்சா ஊர்ல என்னை மெச்சுவாங்க. மெச்சிட்டு, பெத்த பொண்ணு இன்னா செஞ்சான்னு அண்ணியக் கேப்பாங்க. அவங்க பேரு கெடக்கூடாது'ன்னுட்டாக்கா."