ஏழாவது உதை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், சர்வே ஆபீஸ் தலைமை எழுத்தர் திருவாளர் சிதம்பரநாதன் அவர்களின் பழைய மோட்டார் சைக்கிள், பதினோரு வருடம் கழித்து இன்று பூரண குணமடைந்துவிட்டது. தந்தித் தெரு வேகத்தடையில் மெதுவாக்கினால் போதும், இருமிவிட்டு அணைந்துபோகிற வண்டி அது. அவர் உதைத்துக்கொண்டிருப்பார். ஏழாவது உதையில் எதிர்மாடிக் கதவைத் திறந்து ஹேமலதா எட்டிப் பார்த்து, “இன்னிக்கும் மக்கர் பண்ணுதா?” என்பாள். “ஆமாங்க” என்பார். அவ்வளவுதான் பேச்சு, அதை வைத்தே அவருக்கு ஒரு நாள் ஓடிவிடும். நேற்று என்னவோ அவள், “நல்ல மெக்கானிக்கா பாத்துக் காட்டக் கூடாதாங்க?” என்று கூடுதலாக ஒரு வாக்கியம் பேசிவிட்டாள். சொன்னது அவளாயிற்றே, காட்டிவிட்டார். “பிளக் வயர் பாதி அறுந்து கெடந்துச்சு, மாத்திட்டேன். ஐடிலிங்கும் ஏத்தியாச்சு. இனி நீங்களா நிறுத்துனாத்தான் சார் நிக்கும்” என்றார் மெக்கானிக் காஜா. இன்று வேகத்தடையை வண்டி ஒரு தும்மல்கூட இல்லாமல் தாண்டியது. சுற்றிக்கொண்டு மறுபடி வந்தார். மறுபடியும் தாண்டியது. மூன்றாம் முறை தானே சாவியைத் திருப்பி அணைத்தார். மூடிக் கிடந்த மாடிக் கதவைப் பார்த்தபடி ஓங்கி உதைத்தார். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகிவிட்டது.