சராசரியில் சேராத துகள்

ஒரு களிப்பாறைத் துண்டுக்குள் நூறு கரித்துகள்கள் குடியிருந்தன. எல்லாம் ஒரு காலத்தில் மரமாக இருந்து, பூமிக்கடியில் வெந்து கரியானவை. எவ்வளவு வெந்ததோ அவ்வளவு மினுங்கும். அதில் ஒன்றுக்கு மட்டும் மினுக்கம் இரண்டு மடங்கு. தலைக்கனம் நாலு மடங்கு.

அந்தப் பாறை பட்ட சூட்டை அளப்பதற்காக அதை வழவழவென்று தேய்த்து நுண்ணோக்கியின் கீழே வைத்தார்கள். நுண்ணோக்கி ஒவ்வொரு துகள் மீதும் வெளிச்சம் அடித்து, திரும்பி வந்த ஒளியைக் குறித்துக்கொண்டே வந்தது.

"இவங்களை எல்லாம் எதுக்கு அளக்கறே? என்னை ஒருத்தனை அளந்தாப் போதாதா?" என்றது மினுக்கத் துகள்.

நுண்ணோக்கி அதை உற்றுப் பார்த்தது. "உன் ஓரமெல்லாம் உருண்டு தேய்ஞ்சிருக்கே. நீ வேற ஏதோ பாறையில வெந்தவன். அது உடைஞ்சதும் ஆத்துத் தண்ணியில அடிச்சுக்கிட்டு வந்து இவங்களோட படிஞ்சிருக்கே. உன்னையும் சராசரியில சேர்த்தா இந்தப் பாறை படாத சூட்டைப் பட்டதாச் சொல்ற மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த துகளுக்கு நகர்ந்தது.

பக்கத்திலிருந்த மங்கலான துகளுக்குப் பாவமாக இருந்தது. "என்னண்ணே, உங்களை விட்டுட்டாங்களா?"

"பாத்தியா தம்பி," என்றது அது, இன்னும் கொஞ்சம் மினுங்கிக்கொண்டு. "என்னைப் போய்ச் சராசரியில சேர்க்க அவங்களுக்கே மனசு வரல."