நாற்பத்தோராவது வரி

தலைநகரில் அரசுக் கட்டடங்களைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதி வாங்கித் தருவது என் வேலை. உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவது மாளவிகாவின் வேலை. இந்த முறை வந்தது நான் படித்த பள்ளியின் பிள்ளைகள். மூன்று மாதம் கடிதம் எழுதி வரவழைத்ததே நான்தான். "இவங்கள மட்டும் நான் கூட்டிட்டுப் போறேன் சார்" என்று கேட்டேன். "உனக்கு லிஸ்ட் போடத்தாம்மா நல்லா வருது. உள்ள நின்னு பேச ஒரு தோரணை வேணும்ல" என்றார் அதிகாரி. தோரணையாம். வாசலில் நாற்பது பேரும் மாளவிகாவை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "நானும் உங்கள மாதிரி ஆவணும் மிஸ்" என்றாள். "இந்த அக்காதான் எல்லா ஏற்பாடும் பண்ணாங்க, தேங்க்ஸ் சொல்லுங்க" என்று என்னைக் காட்டினாள் மாளவிகா. சொன்னார்கள், அவளையே பார்த்துக்கொண்டு. பட்டியலில் பெயர் இல்லாத யாரையும் உள்ளே விடமாட்டார்கள், வழிகாட்டியைக்கூட. அவள் பெயர் இருக்க வேண்டிய கடைசி வரியில் நேற்று நான் என் பெயரைப் போட்டிருந்தேன். பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்பி முடித்த காவலர், "அஞ்சலை" என்று என் பெயரைக் கூப்பிட்டார். ஏதோ தவறு நடந்துவிட்டது, நான் பேசிச் சரிசெய்துவிடுவேன் என்ற நம்பிக்கையில், மாளவிகா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.