சோயாவில் ஒரு கல்

"வாயைத் திறங்க அண்ணி. இன்னும் பெருசா."

ஊசியும் கையுமாக நின்ற பல் டாக்டருக்கு உள்ளுக்குள் மத்தளம் கொட்டியது. ஆறு மாதமாக மூடவே மூடாத வாய் அது. இன்று இவளுடைய நாற்காலியில், இவளுடைய விளக்கடியில், இவள் சொன்ன பேச்சைக் கேட்டுத் திறந்து கிடந்தது.

சாய்ந்து கிடந்தவள் நாத்தனார், புருஷனின் அக்கா. தம்பிக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது என்று ரிப்போர்ட் வந்த மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கியவள். முதலில் "வாரத்துல ஒரு நாள் மட்டும் கறி வேண்டாமே" என்றுதான் ஆரம்பித்தாள். ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனுஷனைக் கடித்த கதையாக, ஆடு, கோழி, மீன் என்று ஒவ்வொன்றாக வீட்டைக் காலி செய்தன. சோயா உருண்டை குடியேறியது.

அதைக்கூட டாக்டர் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் அவள் பையில் சிக்கன் ரோல் சுற்றிய காகிதம் அகப்பட்ட அன்று, கூடம் நிறைய விருந்தாளிகளை வைத்துக்கொண்டு நாத்தனார் கேட்டாள்: "சொந்த நாக்கையே அடக்கத் தெரியாதவ, ஊரார் பல்லைப் பார்த்து என்ன கிழிக்கப் போறா?"

கையோடு ஒரு சட்டமும் போட்டாள். "இனிமே இந்த வீட்டுல யார் கறி தின்னு மாட்டினாலும் சரி, ஒரு வருஷத்துக்கு அடுப்படியும் பாத்திரமும் அவங்க தலையில."

அதற்கப்புறம் டாக்டர் வாயே திறக்கவில்லை. காலையில் சோயா டப்பாவை வாங்கிக்கொண்டு கிளம்புவாள். சாயங்காலம் எல்லார் டப்பாவும் நாத்தனார் கைக்குப் போகும். மிச்சம் மீதியை வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, "பண்டத்தோட அருமை தெரியாத ஜென்மங்க" என்று ஒரு பாட்டம் அர்ச்சனை செய்துவிட்டுத்தான் கழுவவே போடுவாள்.

"எப்படி வலி வந்துச்சுன்னு சொன்னீங்க?"

"நேத்து சோயாவுல கல்லு கடிச்சுது கண்ணு. கடைக்காரப் பாவி கல்லைக் கலந்து வித்துட்டான். ஆனா ஒண்ணு, நேத்து மாதிரி எனக்குக் கைப்பக்குவம் அமைஞ்சதே இல்ல. அசல் கறி தோத்துது போ."

பக்கத்தில் நின்ற உதவியாளப் பெண்ணுக்கு முகம் மலர்ந்தது. "அம்மா, உங்க சோயான்னா எனக்கு உசுரு. எங்க வீட்டுல ஓயாம கறிதான், நாக்கே செத்துப் போச்சு."

"பேசினது போதும். எச்சில் உறிஞ்சுற குழாயைச் சரியாப் பிடி" என்று டாக்டர் வெட்டினாள்.

ஊசி போட்டு, நன்றாக மரத்த பிறகுதான் நோண்டினாள். பழிவாங்குவதிலும் ஒரு தொழில் தர்மம் உண்டு. கடைவாய்ப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக் கிடந்ததை இடுக்கியால் இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

கல் இல்லை. எலும்புச் சில்லு. அதுவும் ஆட்டெலும்பு. எலும்பைப் பற்றி அவள் படித்தும் இருக்கிறாள், கடித்தும் இருக்கிறாள், தப்பாது.

ஆடு நனைகிறதே என்று ஆறு மாதமாக அழுத ஓநாயின் வாயிலிருந்து ஆடே வந்துவிட்டது.

நாத்தனார் புருவத்தை உயர்த்தி என்னவென்று கேட்டாள். "கல்லுதான் அண்ணி" என்று சொல்லிவிட்டு, டாக்டர் அதைச் சின்னக் குப்பியில் போட்டு மூடினாள். பிறகு ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து அந்தக் கடைவாயில் திணித்தாள். "ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் கடிச்சுக்கிட்டே இருங்க. வாயைத் திறந்தீங்க, ரத்தம் நிக்காது."

அதில் பாதிதான் வைத்தியம்.

இரவு எல்லோரும் சாப்பாட்டு மேசைக்கு வந்ததும், சோயாப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் குப்பியை வைத்தாள்.

"என்னது, அந்தக் கல்லா?" என்றான் புருஷன்.

"ஆட்டெலும்பு. உங்க அக்கா கடைவாயிலேர்ந்து எடுத்தது."

கரண்டி அவன் கையிலேயே நின்றது. மகள், "அத்தை, நீங்களா?" என்றாள். நாத்தனார் பஞ்சுக்குப் பின்னாலிருந்து "ம்ஹூம், ம்ஹூம்" என்று தலையை ஆட்டினாள்.

"ஏன்க்கா, எனக்குச் சோயாவைப் போட்டுட்டு நீ மட்டும் ஒளிஞ்சு ஒளிஞ்சு..." தம்பிக்குக் குரல் தழுதழுத்தது. வருத்தத்தைவிடப் பசிதான் அதில் அதிகம்.

டாக்டர் நிதானமாகத் தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள். "சட்டம் நான் போட்டது இல்லைங்க. ஒரு வருஷம் அடுப்படி, ஒரு வருஷம் பாத்திரம். அன்னைக்கு வந்த விருந்தாளிங்களையும் ஒரு நடை கூப்பிட்டுடலாமா அண்ணி? யாருக்கு நாக்கை அடக்கத் தெரியலன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும்."

நாத்தனார் கண்ணில் நீர் முட்டியது. குப்பியைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள், திறந்து மோந்து பார்த்தாள், கூரையைப் பார்த்து யோசித்தாள். அப்புறம் பஞ்சை மெல்ல வெளியே எடுத்து வைத்தாள். குரலில் கோபமே இல்லை, நிஜமான சந்தேகம்தான் இருந்தது.

"நேத்து உன் டப்பாவுல மிச்சமிருந்த துண்டைத்தானே கண்ணு நான் தின்னேன்?"