நாற்காலி வேண்டாம்

அரியலூர் மைதானத்தில் மூத்தோர் ஓட்டம் தொடங்க இன்னும் நேரமிருக்கிறது. மற்ற கிழவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதையளக்க, ஐம்பத்தெட்டு வயது செல்லமுத்து மட்டும் காலை வெயிலில் நின்றுகொண்டே இருக்கிறார். "உக்காருங்கண்ணே" என்று ஒருவர் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். "வேணாம் தம்பி, உக்காந்து எந்திரிச்சா மொத அடியிலயே குதிகால்ல உசுரு போவும்" என்று சிரிக்கிறார் செல்லமுத்து. சுட்ட செங்கல்லில் எருக்கிலை வைத்து எட்டு மாதமாக அந்தக் குதிகாலுக்கு ஒத்தடம் கொடுத்த மனைவி தனக்கோடி, அவர் சட்டையை நெஞ்சோடு அணைத்தபடி ஓடுபாதையின் எல்லைக் கயிற்றோரம் நிற்கிறாள். விசில் ஒலிக்கிறது. யார் முந்துகிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை. புழுதியில் அந்த வலது குதிகால் பதிவதையும் எழுவதையும் மட்டும் பார்க்கிறாள். முதல் சுற்று முடிந்து, துளியும் நொண்டாமல் அவளைக் கடந்து போகிறார். அப்போதுதான் தன் கால்கள் கடுப்பது அவளுக்குத் தெரிகிறது. காலையிலிருந்து அவளும் உட்காரவே இல்லை.