மூன்று கால் பின்னல்

விவாகரத்து வழக்கு முடியும்வரை, நார்வேயில் அப்பாவோடு இருக்கும் மகளை வாரம் ஒரு முறை வீடியோவில் பார்க்கச் செண்பகத்துக்கு அனுமதி. வக்கீல் நசீமாவின் அறையில் உட்கார்ந்தாள். திரையில் மகள் பின்னாத தலையோடு இருந்தாள். பின்னால் சீப்புடன் அவன். கணவனும் மனைவியும் வக்கீல் மூலமாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

“இழுக்காம பின்னச் சொல்லுங்க மேடம்.”

“இழுக்காம பின்னுங்க சார்,” என்றார் நசீமா.

“எப்படின்னு கேளுங்க மேடம்,” என்றான் அவன்.

செண்பகம் கைகளைத் தூக்கி, காற்றை மூன்று காலாகப் பிரித்து, மெல்லப் பின்னத் தொடங்கினாள். அவன் அந்த விரல்களைப் பார்த்துப் பார்த்துப் பின்னினான். அனுமதித்த நேரம் முடிந்தும் நசீமா அழைப்பை நிறுத்தவில்லை.

மகள் தலையை ஆட்டிப் பார்த்தாள். “வலிக்கவே இல்லம்மா.”

அங்கே ரிப்பன் கட்டியாகிவிட்டது. செண்பகத்தின் விரல்கள் இன்னும் காற்றை விடவில்லை.